‘காடு’ என்றால் எது? ஒரு மசோதாவின் சில வரிகள் சுற்றுச்சூழல் சட்டத்தையே மாற்றுவது எப்படி?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அடர்ந்த மரக்கூட்டம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் அதைக் ‘காடு’ என்றுதான் சொல்வார்கள். மயிலும் முயலும் அங்கே உண்டு. ஆனால் வருவாய்த் துறையின் பதிவேட்டில் அது தரிசு என்றோ புறம்போக்கு என்றோ எழுதப்பட்டிருக்கிறது. நாளைக்கு அங்கே ஒரு சாலையோ, சுரங்கமோ, தொழிற்பேட்டையோ வரப்போகிறது. அந்த மரங்களை வெட்டுவதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கான பதில் அந்த இடத்தில் எத்தனை மரம் இருக்கிறது என்பதில் இல்லை. டெல்லியில் நிறைவேறும் ஒரு சட்டத்தில் ‘காடு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் தரப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரில் மட்டும் சுற்றுச்சூழலைத் தொடும் மூன்று முக்கிய மசோதாக்கள் நிறைவேறின. வனப் பாதுகாப்புத் திருத்தம், உயிரியல் பன்முகத்தன்மைத் திருத்தம், ‘ஜன் விஸ்வாஸ்’ எனப்படும் பல சட்டங்களுக்கான ஒட்டுமொத்தத் திருத்தம் ஆகியவை அவை. 2024 பிப்ரவரியில் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டது.

இவற்றில் எதுவும் பழைய சட்டத்தை ரத்து செய்யவில்லை. சட்டத்தின் எண்ணும் ஆண்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் சட்டம் யாருக்குப் பொருந்தும், யார் முடிவெடுப்பார்கள், மீறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் மாறியிருக்கின்றன. அது எப்படி நடந்தது?

காடு மாநிலத்தில் இருக்கிறது, சட்டம் ஏன் டெல்லியில்?

அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது காடு மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976இல் நெருக்கடி நிலை காலத்தில் வந்த 42ஆவது சாசனத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மத்திய அரசும் மாநில அரசும் காடு பற்றிச் சட்டம் இயற்றலாம். இரண்டும் மோதினால் பொதுவாக மத்திய சட்டமே நிற்கும்.

அதன் முதல் பெரிய விளைவு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். ஒரு மாநில அரசு வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்றது அது. மிகச் சிறிய சட்டம்தான். ஆனால் அணையோ, சுரங்கமோ, நெடுஞ்சாலையோ எதுவானாலும் இந்த ஒற்றை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மற்ற சட்டங்கள் வேறு வழிகளில் வந்தன. 1981இன் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தியா எடுத்த முடிவுகளைக் காரணம் காட்டி இயற்றப்பட்டவை. சர்வதேச ஒப்பந்தங்களையும் மாநாட்டு முடிவுகளையும் நடைமுறைப்படுத்த நாடாளுமன்றமே சட்டம் போடலாம் என்கிறது சாசனத்தின் 253ஆவது பிரிவு.

1974இன் தண்ணீர்ச் சட்டத்தின் கதை வேறு. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் அதை இயற்ற முடிந்தது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கூடலூரில் தொடங்கிய வழக்கு

1980 சட்டம் ‘வனநிலம்’ என்று சொன்னது. ஆனால் ‘வனம்’ என்றால் என்ன என்று விளக்கவில்லை. அரசு அறிவிக்கை செய்த ஒதுக்குக் காடுகளுக்கு மட்டும்தான் சட்டம் பொருந்தும் என்று மாநிலங்கள் எடுத்துக்கொண்டன.

இந்த இடத்தில் நீலகிரி வருகிறது. கூடலூர்ப் பகுதியில் நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்து பிறகு அரசின் கைக்குப் போன காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு எண் 202/1995.

1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இந்தியா முழுவதையும் மாற்றியது. ‘வனம்’ என்பதற்கு அகராதியில் என்ன பொருளோ அதுதான் சட்டத்திலும் பொருள். நிலம் யாருக்குச் சொந்தம், அறிவிக்கை ஆகியிருக்கிறதா என்பதெல்லாம் பொருட்டல்ல. அரசுப் பதிவேட்டில் காடு என்று இருந்தால் அதுவும் காடு. அறிவிக்கை ஆகாத காடுகளை அடையாளம் காண ஒவ்வொரு மாநிலமும் நிபுணர் குழு அமைக்க வேண்டும்.

ஆக, கூடலூரின் மரங்களைக் காப்பாற்றப் போன ஒருவர், ஹரியானாவின் ஆரவல்லி மலையில் இருந்த மரங்களுக்கும் சேர்த்துக் காவல் வாங்கித் தந்தார். கோதவர்மன் 2016இல் காலமானார். அவர் பெயரிலான வழக்கில் இன்றும் உத்தரவுகள் வந்துகொண்டிருக்கின்றன.

2023 திருத்தம் என்ன செய்தது?

2023 மார்ச் 29 அன்று மக்களவையில் அறிமுகமான வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா, முதலில் சட்டத்தின் பெயரையே மாற்றியது. இப்போது அதன் பெயர் ‘வன் (சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன்) அதினியம், 1980’. காட்டைப் பாதுகாக்கவும் பெருக்கவுமான சட்டம் என்பது அதன் பொருள். ஆங்கிலச் சட்டப் புத்தகத்திலும் பெயர் இந்தியிலேயே இருக்கும்.

பெயரைவிட முக்கியமானது புதிதாகச் சேர்க்கப்பட்ட ‘1ஏ’ என்ற பிரிவு. சட்டம் எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்று அது வரையறுக்கிறது. இரண்டே வகைதான்.

ஒன்று, 1927இன் இந்திய வனச் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம். இரண்டு, 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பதிவேட்டில் காடு என்று பதிவான நிலம். அதிலும், 1996 டிசம்பர் 12க்குள் அரசு உத்தரவுப்படி வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்ட நிலம் இந்த இரண்டாவது வகையில் சேராது.

சரி, இந்த இரண்டிலும் வராத காடு? தொடக்கத்தில் சொன்ன அந்த மரக்கூட்டம்? அங்கேதான் சிக்கல். அகராதிப் பொருளில் அது காடு. புதிய பிரிவின்படி பார்த்தால் காடு இல்லை என்று வாதிட இடம் கிடைக்கிறது.

அடுத்தது, விலக்குகள். சட்டம் பொருந்தும் காடாகவே இருந்தாலும் கீழ்க்கண்ட வேலைகளுக்கு மத்திய அனுமதி தேவையில்லை:

• சர்வதேச எல்லை, கட்டுப்பாட்டுக் கோடு ஆகியவற்றிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், தேசப் பாதுகாப்பு தொடர்பான சாலை, ரயில் பாதை போன்ற நெடுக்குத் திட்டங்கள்
• பாதுகாப்புக் கட்டமைப்புகளுக்கு 10 ஹெக்டேர் வரை
• இடதுசாரித் தீவிரவாதம் உள்ள பகுதிகளில் பாதுகாப்புத் துறைத் திட்டம், துணை ராணுவ முகாம், பொதுப் பயன்பாட்டுத் திட்டம் ஆகியவற்றுக்கு 5 ஹெக்டேர் வரை
• ரயில் பாதை, அரசுச் சாலை ஓரமாக உள்ள குடியிருப்புக்கோ வசதிகளுக்கோ போய்வர 0.10 ஹெக்டேர் வரை

உயிரியல் பூங்கா, சஃபாரி, சூழல் சுற்றுலா வசதிகள் ஆகியவையும் சில நிபந்தனைகளோடு ‘காடு சாராத பயன்பாடு’ என்ற பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன.

மத்திய அரசு சொல்லும் காரணம் என்ன?

அரசின் வாதத்தையும் முழுசாகக் கேட்டுவிடுவோம். அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

முதலாவது, 1996 தீர்ப்புக்குப் பிறகு தனியார் நிலத்தில் மரம் வளர்க்கவே மக்கள் பயப்படுகிறார்கள் என்றது அரசு. மரம் அடர்ந்துவிட்டால் ‘காடு’ ஆகிவிடும், பிறகு சொந்த நிலத்தில் கை வைக்க முடியாது என்ற பயம். ஆனால் 2030க்குள் கூடுதல் காடு, மரங்கள் வழியாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணையான அளவை உறிஞ்சுவோம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குறுதி கொடுத்திருக்கிறது. அதை எட்ட வேண்டுமென்றால் தனியார் நிலத்திலும் மரம் வளர வேண்டும்.

இரண்டாவது, எல்லைப் பாதுகாப்பு. சீன எல்லையில் சாலை போட, கோப்பு டெல்லிக்கும் மாநிலத் தலைநகருக்கும் அலைய வேண்டுமா என்பது கேள்வி.

மூன்றாவது, சாலையோரத்தில் நட்ட மரங்கள்கூடச் சில இடங்களில் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டிருப்பதால், அருகில் உள்ள வீட்டுக்கோ கடைக்கோ வழி போடுவதற்கே வன அனுமதி வேண்டியிருந்தது.

எதிர்ப்பவர்கள் எதைச் சுட்டிக்காட்டுகிறார்கள்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே இருக்கிறது மிசோரம். மூன்று பக்கமும் வெளிநாட்டு எல்லை கொண்டது சிக்கிம். எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் என்று அளந்தால் கிட்டத்தட்ட மாநிலம் முழுவதுமே உள்ளே வந்துவிடுகிறது. வடகிழக்கின் பெரும்பகுதிக்கும் இதே கதைதான். மிசோரம் சட்டமன்றம் 2023 ஆகஸ்டிலேயே இந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. வடகிழக்கில் பல காடுகள் அரசுக்குச் சொந்தமானவை அல்ல. இனக்குழுக்களுக்கும் கிராமங்களுக்கும் சொந்தமானவை. அவற்றில் பல எந்தப் பதிவேட்டிலும் ‘வனம்’ என்று ஏறியதில்லை. விலக்கும் வரையறையும் சேர்ந்து இரண்டு பக்கமும் அவற்றை இடிக்கின்றன.

எவ்வளவு காடு சட்டத்துக்கு வெளியே போகும்? இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி நாட்டின் காட்டுப் பரப்பு 7,13,789 சதுர கிலோமீட்டர். அதில் 1,97,159 சதுர கிலோமீட்டர், பதிவான வன எல்லைக்கு வெளியே இருக்கிறது. திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சுட்டிக்காட்டுவது இந்த எண்ணைத்தான்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சதவீதம் மரக்கிளை நிழல் விழுந்தாலே அந்த அறிக்கை ‘காட்டுப் பரப்பு’ என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தோப்பும் தோட்டமும்கூட அதில் வரும். ஆகவே 1.97 லட்சம் சதுர கிலோமீட்டரும் இயற்கைக் காடு அல்ல. ஆனால் அதில் எவ்வளவு இயற்கைக் காடு என்று பிரித்துக் காட்ட வேண்டிய மாநிலப் பட்டியல்கள் இல்லை. 1996இல் கேட்ட நிபுணர் குழு அறிக்கைகளைப் பல மாநிலங்கள் ஒழுங்காக முடிக்கவில்லை. பட்டியல் இல்லாத காட்டைப் பதிவேட்டை வைத்து மட்டும் பாதுகாப்போம் என்றால், வேலை செய்யாத மாநிலத்துக்கு லாபம், காட்டுக்கு நஷ்டம்.

வரையறைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு ஹரியானா நல்ல உதாரணம். 2025 ஆகஸ்டில் அந்த மாநில அரசு அகராதிப் பொருளிலான காட்டுக்கு ஒரு வரையறை தந்தது. மர நிழல் 40 சதவீதம் இருக்க வேண்டும். தனித்திருந்தால் 5 ஹெக்டேர், அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டியிருந்தால் 2 ஹெக்டேர் பரப்பு வேண்டும். மழை குறைந்த ஆரவல்லியில் இயல்பாக வளர்வது முள்மரங்களும் புதர்களும். அங்கே 40 சதவீத நிழல் கேட்பது, பாலைவனச் செடியிடம் சோலையின் நிழலைக் கேட்பது மாதிரி. காடு எவ்வளவு இருக்கிறது என்று கணக்குக் காட்டும்போது 10 சதவீதம், காப்பாற்ற வேண்டிய காடு எது என்று கேட்கும்போது 40 சதவீதம்!

கிராம சபையின் இடம் எங்கே?

மத்திய அனுமதி என்ற வாசலோடு இன்னொரு வாசலும் ஒட்டியிருந்தது. 2006இன் வன உரிமைச் சட்டம், காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கு உரிமை கொடுத்தது. வனநிலத்தை மாற்றுவதற்கு முன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்ற நடைமுறை அதிலிருந்து வந்தது.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கத் திட்டத்தை 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் முடிவுக்கு விட்டது. வாக்களித்த 12 கிராம சபைகளும் ‘வேண்டாம்’ என்றன. சுரங்கம் வரவில்லை.

2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் இந்த வரிசையை மாற்றின. மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு, வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியதை உறுதிசெய்யும் பொறுப்பு மாநிலத்தின் தலையில் விடப்பட்டது. டெல்லி ‘சரி’ என்று சொல்லிவிட்ட திட்டத்துக்கு ஒரு கிராமம் எந்தத் தைரியத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும்? 2023 திருத்தத்தில் விலக்குப் பெற்ற நிலத்துக்கோ வன அனுமதி என்ற கட்டமே கிடையாது. அந்தக் கட்டத்தோடு இணைத்துக் கிராம சபையிடம் கேட்கும் வாய்ப்பும் அங்கே பலவீனமாகிறது.

நாடாளுமன்றத்தில் எப்படி நடந்தது?

சுற்றுச்சூழல் மசோதாக்களைப் பொதுவாக ஆராயும் துறைசார் நிலைக்குழுவின் தலைவராக அப்போது இருந்தவர் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ். ஆனால் வன மசோதா அந்தக் குழுவுக்குப் போகவில்லை. பாஜக எம்.பி. ராஜேந்திர அகர்வால் தலைமையில் அமைந்த கூட்டுக்குழுவுக்குப் போனது. ரமேஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார்.

கூட்டுக்குழு 2023 ஜூலை 20 அன்று அறிக்கை கொடுத்தது. மசோதாவில் எந்த மாற்றத்தையும் பரிந்துரைக்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். மணிப்பூர் விவகாரத்தில் அவை அமளியாக இருந்த நாட்களில், ஜூலை 26 அன்று மக்களவையும் ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. டிசம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நீதிமன்றம் போட்ட தடுப்பு

திருத்தத்தை எதிர்த்து, ஓய்வுபெற்ற வன அதிகாரிகள் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. மாநிலங்கள் காடுகளின் ஒருங்கிணைந்த பதிவேட்டைத் தயாரித்து முடிக்கும்வரை 1996இன் அகராதிப் பொருளே தொடரும். காட்டுக்குள் உயிரியல் பூங்காவோ சஃபாரியோ அமைக்க வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

2025 பிப்ரவரியில் இன்னொரு படி. ஈடாக நிலம் கொடுக்காமல் காட்டுப் பரப்பைக் குறைக்கும் எந்த நடவடிக்கையும் மத்திய, மாநில அரசுகள் எடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அடுத்த மாதமே, நிபுணர் குழு அமைத்து ஆறு மாதத்தில் பதிவேட்டை முடிக்காவிட்டால் தலைமைச் செயலாளர்களே பொறுப்பு என்று எச்சரித்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இது இடைக்கால ஏற்பாடுதான். பதிவேட்டில் என்ன ஏறுகிறதோ அதுதான் நாளைய காடு. அதாவது இன்றைக்கு மாநிலத் தலைநகரங்களில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் குழுக்களின் கையில் அந்த நான்கு வரிகளின் உண்மையான அர்த்தம் இருக்கிறது.

சிறைக்குப் பதில் அபராதம்: நல்லதா, கெட்டதா?

இனி ஜன் விஸ்வாஸ். 42 சட்டங்களில் 183 பிரிவுகளை ஒரே மசோதாவில் திருத்திய சட்டம் இது. தொழில் செய்வதை எளிதாக்குவதும், சின்னத் தவறுக்கெல்லாம் சிறை என்ற பயத்தைப் போக்குவதும் நோக்கம் என்றது அரசு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் காற்றுச் சட்டமும் அந்த 42இல் அடக்கம்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது சிறை இல்லை. 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை. அதை விதிப்பவர் நீதிபதி அல்ல. மத்திய அரசின் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசின் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. அவர் முடிவை எதிர்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகையை 90 நாளுக்குள் கட்டாவிட்டால்தான் மூன்று ஆண்டு வரை சிறை என்ற பேச்சு வரும். 2024 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கிறது.

பழைய முறை நன்றாக வேலை செய்ததா என்றால், இல்லை. குற்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கம்பெனியின் பெரிய முதலாளி சிறைக்குப் போனதாக நாம் பார்ப்பது அரிது. ஒரு லட்சம் என்ற உச்சவரம்பு 1986இல் நிர்ணயித்தது. பெரிய ஆலைக்கு அது டீச்செலவு. ஆகவே தொகையை உயர்த்தி, சீக்கிரம் விதிக்கும் வழி தேடியதில் தவறில்லை.

ஆனால் 15 லட்சமும் பெரிய நிறுவனத்துக்குத் தொழில் செலவுதானே? கழிவுநீரைச் சுத்திகரிக்க மாதாமாதம் ஆகும் செலவைவிட அபராதம் மலிவு என்றால், கணக்குத் தெரிந்த எந்த நிறுவனமும் எதைத் தேர்ந்தெடுக்கும்? சிறைத் தண்டனை என்ற சொல்லுக்கு இருந்த பயம், விற்றுமுதலோடு இணைக்கப்படாத ஒரு நிலையான தொகைக்கு இருக்காது.

இன்னொரு இழப்பும் உண்டு. முன்பு ஒரு சாதாரணக் குடிமகன் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நேரே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். மீறல் குற்றமாக இல்லாமல் போனபின் அந்தப் பாதை குறுகிவிட்டது. சில நேரங்களில் மீறுவதே அரசு நிறுவனமாக இருக்கும். விசாரிப்பவரும் அரசு அதிகாரியாக இருப்பார்.

அதற்காக 15 லட்சத்தோடு எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கைப்படி இழப்பீடு வாங்கும் அதிகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குத் தனியாக இருக்கிறது. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் வாயு கசிந்தபோது, 50 கோடி ரூபாயை முதலில் கட்டச் சொன்னது அந்தத் தீர்ப்பாயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் இழப்பீடு விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தண்டத்தொகை வேறு, இழப்பீடு வேறு. உங்கள் ஊர்க் கிணற்று நீர் கெட்டுப்போனால் கேட்க வேண்டியது இரண்டையும்தான்.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்திலும் இதே போக்குதான். அங்கேயும் சிறை போய், ஒரு லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகை வந்தது. மூலிகை எடுக்கும் நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கை உள்ளூர் மக்களுக்குத் தர வேண்டும் என்ற விதியில், ஏட்டில் பதிவான மரபு மருத்துவ அறிவுக்கு விலக்கும் கொடுக்கப்பட்டது.

தண்ணீர்ச் சட்டம்: மாநிலத்தின் கையில் இருக்கும் சாவி

2024 பிப்ரவரியில் வந்த தண்ணீர்ச் சட்டத் திருத்தம் மூன்று வேலை செய்கிறது. பல குற்றங்களைத் தண்டத்தொகையாக மாற்றுகிறது. சில வகைத் தொழிற்சாலைகளுக்கு, மாநில வாரியத்தின் இசைவு தேவையில்லை என்று மத்திய அரசே விலக்குத் தரலாம் என்கிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவரை நியமிக்கும் முறையை மத்திய அரசு வகுக்கும் என்கிறது. இசைவு வாங்காமல் ஆலை நடத்தினால் ஆறு ஆண்டு வரை சிறை என்பது மட்டும் தொடர்கிறது.

ஆனால் இந்தத் திருத்தம் முதலில் பொருந்தியது இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு மட்டும். ஏன்? தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சாசனத்தின் 252ஆவது பிரிவின்படி, சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால்தான் அந்த மாநிலத்தில் திருத்தம் செல்லும். இமாச்சலும் ராஜஸ்தானும் அப்படித் தீர்மானம் போட்டன.

அப்போ, மற்ற மாநிலங்களில்? சட்டமன்றம் ஏற்கும்வரை பழைய சட்டம்தான். இங்கே உங்கள் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு நேரடி மதிப்பு இருக்கிறது. வன மசோதாவில் மிசோரம் சட்டமன்றம் போட்ட தீர்மானத்துக்குச் சட்ட பலம் கிடையாது. தண்ணீர் விஷயத்தில் சட்டமன்றத் தீர்மானம்தான் சட்டத்தின் சாவி. இந்த வித்தியாசம் தெரியாமல் பல மாநிலங்களில் இது பேசப்படாமலேயே கடந்து போகலாம்.

மசோதாவே இல்லாமலும் சட்டம் மாறும்

நாடாளுமன்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதையைத் தவறவிடுவோம். ஒரு திட்டம் வருவதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் நடைமுறை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எதிலும் நேரடியாக இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைச்சகம் வெளியிட்ட 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. அமைச்சகம் போட்டதை அமைச்சகமே மாற்றலாம்; அவையில் ஓட்டெடுப்பு வேண்டாம்.

2020 மார்ச்சில் இதற்குப் பதிலாக ஒரு புதிய வரைவு வந்தது. கருத்துச் சொல்லும் காலம் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறையும், அனுமதி வாங்காமல் தொடங்கிய திட்டத்துக்கும் பிறகு அனுமதி கிடைக்கும் என்றது அது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்றம், ஆட்சேபத் தேதியையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. லட்சக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்தன. அந்த வரைவு இறுதியாகவே இல்லை.

ஆனால் அதில் இருந்த ஒரு யோசனை வேறு வழியில் உயிரோடு இருந்தது. பின்தேதியிட்டு அனுமதி தரும் நடைமுறையை 2017 அறிவிக்கையும் 2021இன் அலுவலக உத்தரவும் ஏற்கெனவே அனுமதித்திருந்தன. 2025 மே 16 அன்று அவற்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆறே மாதத்தில், நவம்பர் 18 அன்று, மூன்று நீதிபதிகளில் இருவரின் முடிவுப்படி அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. நீதிபதி உஜ்ஜல் புயான் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கட்டி முடித்த பிறகு அனுமதி கேட்பது, பந்தி முடிந்த பிறகு பத்திரிகை வைப்பது போலத்தான். ஆனாலும் அந்தக் கதவு இன்னும் முழுசாக மூடப்படவில்லை.

அடுத்த மசோதா வரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முழு மசோதாவையும் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. இந்த ஐந்து கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தச் சொல்லின் பொருள் மாறுகிறது? ‘காடு’, ‘கரை’, ‘தொழிற்சாலை’ போன்ற ஒரு சொல்லின் வரையறை சுருங்கினால் சட்டமே சுருங்கும்.

2. யாருக்கு விலக்கு? எத்தனை ஹெக்டேர், எத்தனை கிலோமீட்டர் என்பதை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ‘தேச முக்கியத்துவம்’ போன்ற சொற்களுக்கு மசோதாவிலேயே விளக்கம் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

3. யார் முடிவெடுக்கிறார்கள்? நீதிபதியா, அதிகாரியா? மாநிலமா, மத்திய அரசா? கிராம சபைக்கு இடம் முன்னாலா, பின்னாலா?

4. மீறினால் என்ன? தொகை நிறுவனத்தின் அளவுக்கு ஏற்ப ஏறுகிறதா, எல்லோருக்கும் ஒரே வரம்பா? குடிமக்கள் புகார் கொடுக்க வழி இருக்கிறதா?

5. ‘விதிகளில் வகுக்கப்படும்’ என்று எத்தனை இடத்தில் வருகிறது? அந்த ஒவ்வோர் இடமும், நாடாளுமன்றத்தில் பேசப்படாமல் பின்னால் நிரப்பப்படப் போகும் வெற்றிடம்.

மசோதாக்களின் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அது கட்டாயச் சட்டம் அல்ல. ஆனால் 2020 வரைவு காட்டியது ஒன்றுதான்: தங்கள் மொழியில் படிக்கக் கிடைத்தால் மக்கள் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. உங்கள் மாநிலத்தின் வன நிபுணர் குழு தயாரிக்கும் பதிவேட்டில் உங்கள் ஊர் மரக்கூட்டம் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். அந்தப் பட்டியல் மூடப்பட்ட பிறகு கேட்டால், பதில் வரும், காடு வராது.